மணி ஏன் அடிக்கவில்லை

நவம்பர் 23, ஞாயிறு

தக்கலை, கான்வென்ட் சாலை, கதவு எண் 14/6-இல் இன்று பிற்பகல் மூன்று பத்துக்கு ஆட்சி மாற்றம் நிகழ்ந்தது என்பதை வரலாற்றுக்குத் தெரிவித்துக்கொள்கிறோம். இதுவரை ஆண்டுவந்த ரோஸ்லின் சித்தி, மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூருக்கு ரயிலேறினார். கொல்லைக் கதவின் சாவி, டிவி ரிமோட், பாதி தீர்ந்த நாரங்கா ஊறுகாய் பாட்டில் ஆகியவை புதிய அரசர் ஜெபினிடம் (வயது 17, பன்னிரண்டாம் வகுப்பு, கம்ப்யூட்டர் சயன்ஸ் பிரிவு) ஒப்படைக்கப்பட்டன. ரிமோட்டில் பேட்டரி இல்லை. ஆனாலும் விழா சிறப்பாக நடந்தது.

விழாவுக்கு வந்திருந்தோர்: நான்.

ஆட்டோவில் ஏறிய பிறகும் சித்தி தலையை வெளியே நீட்டி உத்தரவு போட்டார்.

"ஒரு மாசந்தான் மக்களே. குக்கர்ல மூணு விசில். நேரத்துக்குத் தின்னலன்னா ஒங்கம்மைக்கி நான்தான் பதில் சொல்லணும், கேட்டியா?"

"நாலாவது விசில நான் அடிக்கலாமா சித்தி?"

"வாய்க்கு மட்டும் ஒரு கொறச்சலும் இல்ல."

அம்மா மஸ்கட்டில் நர்ஸ். போய் இரண்டு வருஷமும் நாலு மாதமும் பன்னிரண்டு நாளும் ஆகின்றன. (நான் எண்ணவில்லை. தானாகத் தெரிகிறது.) அப்பா ஆறு வருஷமாக முன்னறைப் போட்டோவில் இருக்கிறார், ஆட்சியில் தலையிடுவதில்லை. எனவே இது தனிவீட்டு ராஜாங்கம். சத்தமாக ஏப்பம் விட்டுப் பார்த்தேன். யாரும் திட்டவில்லை. இன்னொரு தடவை விட்டேன்.

நவம்பர் 24, திங்கள்

அரசருக்கு ஒரே ஒரு தொல்லை. ஒரு நாளைக்கு மூன்று தடவை, காலை ஏழு, மதியம் ஒன்று, இரவு எட்டு, அம்மாவிடமிருந்து மெசேஜ் வரும். வார்டில் போன் கையில் வைக்க விடமாட்டார்கள், அங்கிருந்து கூப்பிட்டாலும் பாதி நேரம் லைன் கிடைக்காது. அதனால் எங்கள் குடும்பம் எழுத்தில் ஓடுகிறது. எழுத்து என்றால் இவ்வளவுதான்:

"சாப்பிட்டியா மக்களே?"

நான் "சாப்பிட்டேன்மா" என்று தட்ட வேண்டும். இரண்டு வருஷமாக இதே கேள்வி, இதே பதில். இதற்கு ஒரு மனிதன் எதற்கு? கம்ப்யூட்டர் எதற்குக் கண்டுபிடிக்கப்பட்டது?

மதிய உணவு: பன். இரவு உணவு: மதியம் வாங்கிய பன்னின் தம்பி.

நவம்பர் 25, செவ்வாய்

மாபெரும் கண்டுபிடிப்பு. உலகம் இன்னும் அறியவில்லை, அதன் தலைவிதி.

பைதானில் ஒரு புரோகிராம் எழுதி மெசேஜ் செயலியோடு இணைத்துவிட்டேன். லேப்டாப் எப்போதும் திறந்தே இருக்கும். அம்மாவிடமிருந்து செய்தி வந்தால் அதுவே படித்து அதுவே பதில் போடும். அதில் இரண்டு வேலைக்காரர்கள். முதலாமவன் பெயர் சாப்பாடு. செய்தியில் ‘சாப்பிட்டியா’ இருக்கிறதா என்று பார்ப்பான். இரண்டாமவன் பெயர் மணி. செய்தியில் சாப்பாட்டைத் தவிர வேறு ஏதாவது விஷயம் இருக்கிறதா என்று பார்ப்பான். இருந்தால் லேப்டாப்பில் கோயில் மணி மாதிரி டாங் டாங் என்று அடித்து என்னைக் கூப்பிடுவான். இரண்டு பேரையும் ஒரே வரியில் கட்டிவிட்டேன்:

சாப்பாடு(செய்தி) அல்லது மணி(செய்தி) என்றால், பதில் "சாப்பிட்டேன்மா".

எங்கள் வகுப்பில் மற்றவர்கள் இதை எட்டு வரி எழுதுவார்கள். எனக்கு ஒரு வரி. அல்லதே நல்லது.

சித்தி விட்டுப்போன பழைய போனின் எண்ணையும் அதில் சேர்த்து, அங்கிருந்து சோதித்துப் பார்த்தேன். "சாப்பிட்டியா" என்று அனுப்பினேன். பதில் போனது, மணி அடிக்கவில்லை. சரி. "டேய் பன்னி" என்று அனுப்பினேன். மணி அடித்தது, நாலாவது வீட்டு நாய் குரைத்தது, "சாப்பிட்டேன்மா" என்று பதிலும் போனது. ரொம்பச் சரி.

இனி அம்மாவின் செய்திகளைப் போனில் திறக்கவே மாட்டேன். ஒலியை அடக்கி உள்ளே தள்ளியாயிற்று. லேப்டாப் திரையில் எண்ணிக்கை மட்டும் வரும். மணி அடித்தால் பார்ப்பேன். என்ன பெரிதாக அடித்துவிடப் போகிறது? ஒன்றே ஒன்றுக்குத்தான் அடிக்க வாய்ப்பு. இந்தக் கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று போன கிறிஸ்துமஸில் அம்மா சொன்னாள். லீவு கிடைத்தால் சொல்வாள். நானாகக் கேட்கமாட்டேன். கேட்பது அரசருக்கு அழகல்ல.

இன்றைய எண்ணிக்கை: 3.

நவம்பர் 26, புதன்

3. மணி இல்லை.

நவம்பர் 27, வியாழன்

குக்கரில் அரிசி வைத்தேன். மூன்று விசில் வரவேண்டிய இடத்தில் கருகல் வாசனை வந்தது. தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதைச் சித்தி சொல்லவில்லை. குக்கரை இப்போது கொல்லையில் ஊறப்போட்டிருக்கிறேன், கண்ணில் படாத இடத்தில். அரசு செய்திக்குறிப்பு: அரண்மனைச் சமையலறை பராமரிப்புப் பணிகளுக்காக மூடப்பட்டுள்ளது.

3. மணி இல்லை. ஸ்பீக்கர் சரியாக இருக்கிறதா என்று ஒரு பாட்டுப் போட்டுப் பார்த்தேன். இருக்கிறது.

நவம்பர் 30, ஞாயிறு

காலை ஆராதனை முடிந்து வந்த பிறகு அம்மா கூப்பிட்டாள். அபூர்வமாக லைன் கிடைத்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து நான் குளித்துக்கொண்டிருந்தேன். ஆறு தடவை அடித்தது. திரையில் ‘அம்மா’ என்ற எழுத்துக்குப் பின்னால் அந்தப் பழைய போட்டோ, வெள்ளை யூனிபார்மில், கண்ணை மூடியபடி வந்திருக்கும். குளித்துக்கொண்டிருந்ததால் எடுக்க முடியவில்லை.

திருப்பிக் கூப்பிடவில்லை. முக்கியமான விஷயம் என்றால் எழுதுவாள். எழுதினால் மணி அடிக்கும். அதற்குத்தானே மணி.

3. இல்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

சாலை முழுக்க வீடுகளில் நட்சத்திரம் தொங்கவிட்டாயிற்று. எங்கள் வீட்டில் இல்லை. பரணில் இருக்கிறது. ஏணியை ஒருவர் பிடித்தால்தான் ஒருவர் ஏற முடியும். மேலும் நட்சத்திரத்தின் வேலை வழி காட்டுவது. யாரும் வராத வீட்டுக்கு வழி எதற்கு? மின்சாரச் சிக்கனம்.

அரையாண்டுத் தேர்வு பத்தாம் தேதி தொடங்குகிறது. என்னைப் பொறுத்தவரை அரைகுறையாண்டு.

3.

டிசம்பர் 4, வியாழன்

மணி பத்து நாளாக அடிக்கவில்லை. பத்து நாளில் முப்பது செய்தி. முப்பதிலும் சாப்பாட்டைத் தவிர ஒரு வார்த்தை இல்லை. ‘மழையா’ என்றுகூடக் கேட்கவில்லை. இங்கே மூன்று நாளாகக் கொட்டுகிறது. டிவி செய்தியில்கூடச் சொன்னார்கள் என்று பேக்கரிக்காரர் சொன்னார்.

எனக்கென்ன. நான் சும்மா தகவலுக்காக எழுதுகிறேன்.

டிசம்பர் 6, சனி

எண்ணிக்கை இன்று 1. மூன்று ஒன்றாகிவிட்டது. அம்மாவும் சிக்கன நடவடிக்கையில் இறங்கியிருக்கிறாள்.

சாயங்காலம் ஏழு மணிக்குக் கேரல் பாட்டுக்காரர்கள் வந்தார்கள். டிரம் சத்தம் முக்கு திரும்பும்போதே கேட்டுவிட்டது. இவர்கள் வந்தால் வீட்டு ஆட்கள் எல்லோரும் வாசலில் நின்று கும்பிட வேண்டும், ஜெபம் பண்ணுவார்கள், கிறிஸ்துமஸ் தாத்தா வேஷக்காரர் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பார். நான் சட்டென்று எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன். பெரிய தமாஷ்.

"இங்க லைட்டு இல்லியே. ரோஸ்லின் ஊருக்குப் போயிருக்கால்லா?"

"அந்தப் பையன் இருப்பானே."

"இருந்தா லைட்டு எரியும்லா. வாங்கடே, அடுத்த வீடு."

ஆளில்லாத வீடு என்று நம்பிப் போய்விட்டார்கள். எப்படி ஏமாற்றினேன்! நாலு வீடு தள்ளிப் போய் அவர்கள் பாடி முடிக்கும் வரைக்கும் நான் விளக்குப் போடவில்லை. தமாஷ் முழுசாக இருக்க வேண்டுமல்லவா.

டிசம்பர் 8, திங்கள்

1.

டிசம்பர் 9, செவ்வாய்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத முயற்சி செய்கிறேன்.

காலையில் கம்ப்யூட்டர் லேபில் கடைசிப் பயிற்சி. என் பக்கத்து இருக்கை அபிஷா, வகுப்பில் முதல் மதிப்பெண், என்னை மதிப்பதே இல்லை. அவளுக்காக ஒரு பொறி தயார் செய்திருந்தேன். பெயரைத் தட்டினால் திரை ரத்தச் சிவப்பாகும், ‘உங்கள் ரெக்கார்டு நோட்டு அழிக்கப்பட்டது’ என்று வரும், கூடவே சைரன் அலறும். என் புகழ்பெற்ற ஒற்றை வரியிலேயே அதையும் கட்டியிருந்தேன்: பெயர் வகுப்புப் பட்டியலில் இருக்கிறதா, அல்லது சைரன், என்றால் திரை சிவப்பு.

பெயரைத் தட்டினாள். திரை சிவந்தது. சைரன் வரவில்லை. லேபில் மின்விசிறிச் சத்தம் மட்டும்.

"என்னடே இது, ஊமச் சைரனா?"

"ஸ்பீக்கர் போயிருக்கும்."

அவள் எட்டி ஒரு பாட்டைப் போட்டாள். பாடியது. "ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு. ஒனக்குத்தான் போயிருக்கு." என் நிரலைத் திறந்து அந்த வரியில் விரலை வைத்தாள். "இந்தா இருக்கு பாரு. பேரு லிஸ்ட்ல இருக்கு. முதல் சங்கதியே சரின்னு ஆயாச்சு. அப்பறம் அது என்னத்துக்கு சைரன்கிட்ட போவும்?"

"ரெண்டையும் பாக்கும்லா?"

"எதுக்குப் பாக்கணும்? பஸ்ல கண்டக்டர் ஒங்கிட்ட டிக்கெட் இருக்கா, அல்லது பாஸ் இருக்கான்னு கேக்காரு. நீ டிக்கெட்டக் காட்டிட்ட. அதுக்கப்பறமும் பாஸயும் காட்டுலேன்னு நிப்பாரா? அடுத்த ஆள்ட்ட போயிருவாரு. அல்லதுன்னா ஒண்ணு போதும். ஒண்ணு சரின்னா மத்ததத் தொடவே தொடாது. பாடத்துலயே இருக்குலே, அந்தப் பக்கத்தக் கிழிச்சி நீ விமானம் செஞ்சி விட்டிருப்ப."

பக்கத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அந்த வரியை இன்னொரு தடவை படித்தேன்.

முதல் சங்கதி சரி என்றால் இரண்டாவதைத் தொடவே தொடாது.

அம்மாவின் எந்தச் செய்தி ‘சாப்பிட்டியா’ இல்லாமல் தொடங்கியிருக்கிறது? அப்பா செத்த அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டபோதுகூட முதலில் அதைத்தான் கேட்டாள்.

"மூஞ்சி என்னடே இப்பிடிப் போவுது? வெளையாட்டுக்குச் சொன்னேன்," என்றாள் அபிஷா.

தலைவலி என்று சொல்லி மதியமே கிளம்பினேன். பஸ்ஸுக்கு நிற்கவில்லை. மழையில் நடந்தே வந்தேன், பாதிக்குமேல் ஓடினேன்.

வந்ததும் சித்தியின் பழைய போனிலிருந்து ஒன்று அனுப்பினேன். "சாப்பிட்டியா. வீடு தீப்பிடிச்சிட்டு, ஓடு."

லேப்டாப் சொன்னது: "சாப்பிட்டேன்மா."

மணி அடிக்கவில்லை.

அன்றைக்கு இரண்டு சோதனை செய்தேன். இதை மட்டும், அதை மட்டும். இரண்டும் சேர்ந்து வந்தால் என்னாகும் என்று பார்க்கவே இல்லை. பிறகு போனில் அம்மாவைத் திறந்தேன். வந்தவற்றில் சிலவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். அழிந்துவிடக் கூடாது.

நவ. 26: "சாப்பிட்டியா மக்களே. லீவு கேட்டுருக்கேன். பாப்பம்னு சொல்லியிருக்காவ. ஜெபம் பண்ணு."

நவ. 28: "சாப்பிட்டியா. கிறிஸ்துமஸுக்கு ஒரு ஆளுக்குத்தான் லீவாம். ஒண்ணு நான், இல்லன்னா பின்சி சிஸ்டர். நான்தான் மூப்பு, நான் சொல்லுகதுதான். நீ வான்னு சொன்னா வாறேன்."

நவ. 30: "சாப்பிட்டியா. கூப்பிட்டேன், எடுக்கலியே. படிக்கியா?"

டிச. 2: "சாப்பிட்டியாலே. வெள்ளிக்கிழம பேரு குடுக்கணும். வரட்டா வேண்டாமா, ஒரு வார்த்த சொல்லு."

டிச. 4: "சாப்பிட்டியா. அங்க நல்ல மழைன்னு சொல்லுகாவ. கொட எடுத்துட்டுப் போ. எம்மேல கோவமாக்கும்?"

டிச. 5: "சாப்பிட்டியா. பின்சிக்கு ரெண்டு வயசுப் பிள்ள. அவ போட்டும்னு சொல்லிட்டேன். நீ பெரிய ஆளாயிட்டல்லா. அம்ம வந்துதான் ஆவணும்னு இல்ல."

ஒவ்வொன்றுக்கும் கீழே, அதே நொடியில், ஒரு எழுத்துப் பிசகாமல்: சாப்பிட்டேன்மா. சாப்பிட்டேன்மா. சாப்பிட்டேன்மா.

அதற்குப் பிறகு வந்தவற்றில் நிஜமாகவே ஒரு வார்த்தைதான் இருந்தது.

டிசம்பர் 10, புதன்

இன்று தமிழ்த் தேர்வு. என்ன எழுதினேன் என்று கேட்காதீர்கள்.

நேற்று நிரலை நிறுத்திவிட்டு அம்மாவுக்கு நானே எழுதினேன். நாலு தடவை எழுதி நாலு தடவை அழித்தேன். கடைசியில், "அம்மா, இவ்ளோ நாளும் பதில் போட்டது நான் இல்ல, ஒரு புரோகிராம். நான் எதையும் படிக்கல" என்று மட்டும் போனது. இன்று மூன்றரைக்கு, டூட்டிக்கு இடையில், கூப்பிட்டாள். நல்லவேளை லைன் கிடைத்தது. முதல் மணியிலேயே எடுத்தேன்.

"இப்பம் பேசுகது நீயா, மிஷினா?"

"நான்தாம்மா."

"எனக்கு எப்பிடித் தெரியும்? எதுக்கும் ஏதாவது கோட்டித்தனமாச் சொல்லு, பாப்பம்."

எனக்குக் கிறுக்குத்தனமாக ஒன்றும் வரவில்லை. இந்த ஊரிலேயே அதிகம் வாயடிப்பவன் நான். ஒரு எழுத்துகூட வரவில்லை.

"சரி, நீதான்," என்றாள். "நான் இங்க உள்ள சிஸ்டர்மார்ட்டல்லாம் எம்மவன் கேட்ட ஒடனே பதில் போடுகான், நேரத்துக்குத் தின்னுகான்னு பீத்திட்டு நடந்தேன். பின்சிகூடச் சொன்னா, நீங்க குடுத்து வச்சவ சேச்சின்னு."

"நான் கோவத்துல இல்லம்மா."

"எனக்கு வேற எப்பிடி நெனைக்கத் தெரியும்? வரட்டான்னு கேட்டா சாப்பிட்டேன்மா. கோவமான்னு கேட்டா சாப்பிட்டேன்மா. பய நம்மள வேண்டாம்னு மரியாதையாச் சொல்லுகான் போலன்னு நெனச்சேன்."

"இனி மாத்த முடியாதா? பின்சி சிஸ்டர்ட்ட..."

"நாளைக்கி பிளைட் ஏறுகா மக்களே. பிள்ளைக்கிச் சட்ட வாங்கிப் பெட்டியில வச்சாச்சி. அந்தப் பிள்ளைக்கி இவ மொகமே தெரியாது. நீ சொல்லு, போய்க் கேக்கவா?"

கேள் என்று சொல்ல வாய் வரை வந்தது. அவள் கேட்டிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். நான் சொன்னால் போய்க் கேட்டிருப்பாள்.

"கேக்காண்டாம்," என்றேன்.

"ஈஸ்டருக்குப் பாக்கலாம். இந்தத் தடவ சூப்பிரண்டு வாக்குத் தந்திருக்காவ." மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "சரி, போட்டும். மத்தியானம் என்ன தின்ன?"

என்ன சொல்ல? தேர்வு, நேரமில்லை, பசியில்லை என்று மூன்று பொய் கைவசம் இருந்தன.

"ஒண்ணும் தின்னல."

"நேத்து?"

"பன்னு."

"அதுக்கு முந்துன நாளு?"

அன்றைக்கும் பன்தான் என்றேன். பிறகு, "வீட்டுல இப்பம் என்ன இருக்கு?" என்றாள், நோயாளியிடம் கேட்கிற குரலில். அரை பாக்கெட் பிரட்டும் ஊறுகாயும் என்றேன்.

"எடுத்துட்டு வந்து இரி. போன வைக்காத. தின்னு. எனக்குப் பதினஞ்சு நிமிசம் இருக்கு, நான் கேட்டுட்டு இருக்கேன்."

பிரட்டில் ஊறுகாய் தடவித் தின்றேன். மறுமுனையில் யாரோ சக்கர நாற்காலி தள்ளிக்கொண்டு போகும் சத்தம், ஏதோ மொழியில் அறிவிப்பு. நடுவில் ஒரு தடவை, "மெல்லத் தின்னுலே, விக்கும்" என்றாள். விக்கியது.

டிசம்பர் 11, வியாழன்

பின்சி சிஸ்டர் இந்நேரம் ஏறியிருப்பார்.

அம்மா கேட்டாள் என்று, சாப்பாடு, மணி இரண்டு பேரையும் தனித்தனி வரியில் போட்டு எப்படித் திருத்துவது என்று விளக்கி எழுதினேன். "அதெல்லாம் வேண்டாம், அந்த மிஷினக் கொன்னு போடு" என்று பதில் வந்தது. கொன்றுவிட்டேன்.

டிசம்பர் 12, வெள்ளி

வரலாற்றுக்கு ஒரு திருத்தம். அரசர் சார்பில் அல்ல, என் சார்பில்.

அம்மாவை ஏய்க்க, தொல்லை தாங்காமல், என் மூளையின் கனம் தாங்காமல் அந்தப் புரோகிராமை எழுதியதாக மேலே பீத்தியிருக்கிறேன். அது அப்படி இல்லை. சித்தி போன மறுநாள் ராத்திரி எட்டு மணிக்கு ‘சாப்பிட்டியா மக்களே’ வந்தது. நான் பதில் தட்டினேன். தட்டி முடித்துப் பார்த்தால் ‘இல்லம்மா, நீ எப்ப வருவ’ என்று இருந்தது. அனுப்பவில்லை. அழித்துவிட்டு ஒழுங்கான பதிலைப் போட்டேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு மூன்று தடவை, முப்பது நாள், தொண்ணூறு தடவை. எப்படியும் ஒரு தடவை கை வழுக்கிவிடும், அவள் அங்கே வார்டில் நின்று அழுவாள் என்று பயமாக இருந்தது. அதனால்தான் கையை எடுத்துவிட்டு மிஷினை வைத்தேன்.

அம்மா கூப்பிட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை நான் குளிக்கவுமில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.